லினக்ஸ் நிரலை ஃப்ரீபிஎஸ்டியில் ஓடவைக்க: மூலநிரலுக்கு பேட்ச் போடும் முழு வழிகாட்டி

லினக்ஸுக்காக எழுதிய சி நிரலை ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் கம்பைல் செய்யப் போனால், திரை முழுக்க எரர் கொட்டும். பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும். பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் அவற்றில் பாதி ஒரே காரணத்தால் வந்தவை என்று தெரியும். மாற்ற வேண்டிய வரிகள் பெரும்பாலும் குறைவுதான். அந்த மாற்றங்களை மட்டும் தொகுத்து வைக்கும் கோப்புதான் பேட்ச். அந்த மாற்றம் அடுத்த பதிப்பு வரும்போதும் உடையாமல் நிற்க வேண்டும், லினக்ஸில் ஓடுவதையும் கெடுக்கக் கூடாது. வேலையின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

பேசுவதற்கு ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. எலக்ட்ரானிக் தராசிலிருந்து சீரியல் கேபிள், அதிலிருந்து யூஎஸ்பி கன்வெர்ட்டர், அங்கிருந்து கணினி. நிரல் எடையைப் படித்து, அன்றைய விலையைப் பெருக்கி, சீட்டு அடிக்கிறது. விலைப் பட்டியல் இருக்கும் ஃபோல்டரை எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. மல்லி விலை மாறி கோப்பு புதுப்பிக்கப்பட்டால் உடனே எடுத்துக்கொள்கிறது. நிரலின் பெயர் 'தராசு' என்று வைப்போம். எழுதியது லினக்ஸுக்கு. கடைக் கணக்கு முழுக்க ஃப்ரீபிஎஸ்டி கணினியில் இசட்எஃப்எஸ் வட்டில் இருப்பதால், தராசையும் அதே பெட்டியில் இணைத்துவிட வேண்டும் என்பது தேவை.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் சில இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். மூலநிரலிலும் மேக்ஃபைலிலும் வரும் மேக்ரோ, மாறிலி, மாறிப் பெயர்களில் பல பெரிய எழுத்தில் இருக்கும், அங்கே உள்ளபடியே எழுதுங்கள்.

கை வைப்பதற்கு முன்

முதலில் 'பிகேஜி சர்ச்' கொடுத்து, அந்த மென்பொருள் ஏற்கெனவே ஃப்ரீபிஎஸ்டி பேக்கேஜாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் ஓபன்பிஎஸ்டி போர்ட்ஸ், நெட்பிஎஸ்டிகாரர்களின் பிகேஜிஎஸ்ஆர்சி, ஆல்பைன் லினக்ஸ் ஆகிய மூன்று இடங்களில் தேடுங்கள். ஆல்பைன் எதற்கு என்று தோன்றலாம். அது, பெரும்பாலான லினக்ஸ்களில் உள்ள ஜிலிப்சி இல்லாமல், மஸ்ல் என்ற சி லைப்ரரியில் ஓடுகிறது. ஜிலிப்சியை மட்டும் நம்பி எழுதிய வரிகளை அவர்கள் ஏற்கெனவே திருத்தியிருப்பார்கள். அந்தத் திருத்தங்களில் பல ஃப்ரீபிஎஸ்டிக்கும் அப்படியே பொருந்தும்.

மூலநிரல் கையில் இல்லை, பைனரி மட்டும்தான் இருக்கிறது என்றால் பேட்சுக்கு வழியே இல்லை. ஃப்ரீபிஎஸ்டியின் லினக்ஸ் இணக்க அடுக்கை இயக்கிப் பார்க்கலாம்: 'சிஸ்ஆர்சி லினக்ஸ்_எனேபிள்=யெஸ்', பிறகு 'சர்வீஸ் லினக்ஸ் ஸ்டார்ட்'. யெஸ் என்பது பெரிய எழுத்தில். ஆனால் தராசு மாதிரி வன்பொருளோடு பேசும் நிரலுக்கு இது நல்ல வழி அல்ல. டிவைஸ் பெயர்களில் சிக்கல் வரும்.

மூலப் பிரதியைத் தொடாமல் வையுங்கள்

டார் கோப்பை விரித்தவுடன், ஒரு எழுத்தைக்கூட மாற்றுவதற்கு முன், உள்ளே போய் 'கிட் இனிட்', 'கிட் ஆட் .', 'கிட் கமிட்' மூன்றையும் செய்துவிடுங்கள். பின்னால் பேட்ச் எடுக்க 'கிட் டிஃப்' ஒன்றே போதும். கிட் வேண்டாம் என்பவர்கள் ஃபோல்டரை 'தராசு-1.4.ஒரிஜ்' என்று நகலெடுத்து வைத்துக்கொண்டு, கடைசியில் 'டிஃப்' கட்டளைக்கு ஆர், யு, பெரிய என் என்ற மூன்று கொடிகளைக் கொடுத்து இரண்டு ஃபோல்டரையும் ஒப்பிடலாம். பெரிய என் கொடுக்காவிட்டால் நீங்கள் புதிதாகச் சேர்த்த கோப்புகள் பேட்சில் வராது. பலருக்கு இது தெரிவது, பேட்ச் வாங்கியவர் "கோப்பைக் காணோமே" என்று கேட்கும்போதுதான்.

கருவிகள்: 'பிகேஜி இன்ஸ்டால்' கொடுத்து ஜிமேக், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜிகான்ஃப், கிட் ஆகியவற்றை ஏற்றுங்கள். கம்பைலராக கிளாங் கூடவே வருகிறது.

முதல் கம்பைல்

லினக்ஸில் 'மேக்' என்றால் அது க்னூ மேக். ஃப்ரீபிஎஸ்டியில் 'மேக்' வேறு நிரல். மேக்ஃபைலில் 'இஃப்ஈக்யூ' இருந்தால் பிஎஸ்டி மேக் அந்த வரியில் "மிஸ்ஸிங் டிபெண்டன்சி ஆபரேட்டர்" என்பது போல முனகிவிட்டு நின்றுவிடும். மேக்ஃபைலைத் திருத்தாதீர்கள், 'ஜிமேக்' என்று ஓட்டுங்கள். மேக்ஃபைலுக்குள்ளேயே யாராவது 'மேக்' என்று நேரடியாக எழுதியிருந்தால் மட்டும், அதை டாலர் அடைப்புக்குறிக்குள் இருக்கும் மேக் மாறியாக மாற்றுங்கள்.

முதல் ஓட்டத்தை 'ஜிமேக் -கே' என்று ஓட்டுவது நல்லது. ஒரு கோப்பில் எரர் வந்தாலும் மற்றவற்றைத் தொடரும். மொத்த வேலை எவ்வளவு என்று ஒரே பார்வையில் தெரியும். வெளியீட்டை 'டீ' மூலம் ஒரு கோப்பில் பிடித்து வையுங்கள். பழைய ஃப்ரீபிஎஸ்டியில் ரூட் பயனருக்கு சிஷெல் தான்; அதில் '2>&1' என்று எழுதினால் "ஆம்பிகுவஸ் அவுட்புட் ரீடைரக்ட்" வரும், '|&' என்று எழுத வேண்டும். 14ஆம் பதிப்பிலிருந்து ரூட்டுக்கும் எஸ்ஹெச் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

பேக்கேஜாக ஏற்றும் எல்லாம் '/யூஎஸ்ஆர்/லோக்கல்' கீழே போகும். லினக்ஸில் ஹெடர்கள் '/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்' கீழே இருப்பதால் மூல ஆசிரியர் பாதை எதுவும் சொல்லியிருக்க மாட்டார். கான்ஃபிகருக்கு முன்னால் சிபிபிஃபிளாக்ஸில் '/யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்', எல்டிஃபிளாக்ஸில் '/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்' இரண்டையும் கொடுத்துவிட்டால் "ஃபைல் நாட் ஃபவுண்ட்" எரர்களில் ஒரு கூட்டம் மறையும். இதற்கு பேட்ச் தேவையில்லை. கோடில் கை வைக்காமல் தீருவதை எல்லாம் இப்படி முதலில் தீர்த்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் பேட்ச் எழுதுங்கள்.

ஸ்கிரிப்டுகளில் இரண்டு விஷயம். முதல் வரியில் '/பின்/பேஷ்' என்று இருந்தால் ஓடாது. பேஷ் '/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்' கீழே இருக்கிறது. '/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பேஷ்' என்று மாற்றினால் இரண்டு இடத்திலும் ஓடும். அடுத்தது 'செட்' (ஸ்ட்ரீம் எடிட்டர்) கட்டளையின் '-ஐ' கொடி. க்னூ செட் தனியாக '-ஐ' மட்டும் இருந்தால் போதும் என்கிறது. பிஎஸ்டி செட் அதற்குப் பின் ஒரு விகுதியைக் கேட்கிறது. '-ஐ.பாக்' என்று இடைவெளி விடாமல் ஒட்டி எழுதினால் இருவரும் ஒப்புக்கொள்வார்கள்.

ஹெடர் எரர்கள்

இதுதான் எண்ணிக்கையில் அதிகம், தீர்வதில் சுலபம்.

'மால்லாக்.எச்' கேட்டால் 'எஸ்டிடிலிப்.எச்' போடுங்கள், 'அல்லோகா.எச்' கேட்டாலும் அதேதான். 'எரர்.எச்' க்னூவுடையது, அதற்குப் பதில் 'எர்.எச்' கோப்பில் உள்ள 'எர்', 'வார்ன்' ஃபங்ஷன்கள் இரண்டு இடத்திலும் கிடைக்கும். 'டெர்மியோ.எச்' பழசு, 'டெர்மியோஸ்.எச்' என்று மாற்றுங்கள். இந்த நான்கு மாற்றங்களும் லினக்ஸிலும் அப்படியே ஓடும் என்பதால் எந்த நிபந்தனைக்குள்ளும் அடைக்க வேண்டாம்.

'சாக்அட்ர்_இன்' முழுமையடையாத வகை என்று எரர் வந்தால், 'நெட்இனெட்/இன்.எச்' சேர்க்கவில்லை என்று பொருள். லினக்ஸில் வேறொரு ஹெடர் அதையும் சேர்த்தே இழுத்துவந்திருக்கும். ஆசிரியர் கவனித்திருக்க மாட்டார்.

கொஞ்சம் தலையைச் சுற்றவைப்பது இன்னொன்று. ஹெடர் இருக்கிறது, சேர்த்தும் இருக்கிறது. ஆனாலும் 'பி115200' தெரியவில்லை, 'சிஆர்டிஎஸ்சிடிஎஸ்' தெரியவில்லை என்கிறது. கோப்பின் தலையிலோ மேக்ஃபைலிலோ '_போசிக்ஸ்_சி_சோர்ஸ்' அல்லது '_எக்ஸ்ஓபன்_சோர்ஸ்' வரையறுத்திருக்கிறதா பாருங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் அதை வரையறுத்தால், "தரநிலையில் உள்ளதை மட்டும் காட்டு, மற்றதை மறை" என்று அர்த்தம். போசிக்ஸ் தரநிலை 38400 வேகத்தோடு நின்றுவிடுகிறது. 115200 அதற்கு மேல் இருப்பதால் மறைந்துவிடும். லினக்ஸில் கூடவே '_க்னூ_சோர்ஸ்' வரையறுத்திருப்பார்கள், அது எல்லாவற்றையும் திறந்துவிடும். ஃப்ரீபிஎஸ்டியில் அப்படி நம்பியிருக்க முடியாது. அந்த வரையறையை எடுத்துவிடுவதே தீர்வு. விட்டுப்போன எண்ணை நீங்களே கையால் வரையறுத்துவிடலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். லினக்ஸில், ஜிலிப்சி 2.42க்கு முந்தைய பதிப்புகளில், அந்த எண்கள் வெறும் குறியீடு. ஃப்ரீபிஎஸ்டியில் உண்மையான வேகமே எண்ணாக இருக்கிறது. அந்தக் குறியீட்டு எண்ணை இங்கே ஒட்டினால் கம்பைல் ஆகும், தராசிலிருந்து குப்பை வரும்.

இயங்குதளத்தின் பெயரைக் கேட்காதீர்கள்

ஹெடர்களைத் தாண்டினால் நிஜமான வேறுபாடுகள் வரும். இங்கேதான் பலர் '#இஃப்டெஃப் __லினக்ஸ்__' என்று ஒன்று, '#இஃப்டெஃப் __ஃப்ரீபிஎஸ்டி__' என்று ஒன்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இன்றைக்கு ஓடும். நாளைக்கு உடையும். தராசு நிரலின் ஃபோல்டர் கவனிப்பையே பாருங்கள்.

லினக்ஸில் அது ஐநோடிஃபை. ஃப்ரீபிஎஸ்டி 14இல் கர்னலில் அது கிடையாது. லிப்ஐநோடிஃபை என்ற பேக்கேஜை ஏற்றினால் அதே பெயருள்ள ஃபங்ஷன்கள், ஃப்ரீபிஎஸ்டியின் சொந்த நிகழ்வு அறிவிப்பு வசதியான கேகியூ மேல் ஓடும். 15ஆம் பதிப்பில் ஐநோடிஃபை கர்னலிலேயே வந்துவிட்டது. 'ஃப்ரீபிஎஸ்டி என்றால் லிப்ஐநோடிஃபையை இணை' என்று எழுதிய பேட்ச் 14இல் சரி. 15இல் தேவையில்லாத லைப்ரரியைத் தேடி அடம்பிடிக்கும்.

ஆட்டோகான்ஃப் பயன்படுத்தும் நிரலாக இருந்தால் கான்ஃபிகர்.ஏசி கோப்பில் ஒரே வரி போதும்: 'ஏசி_சர்ச்_லிப்ஸ்' மேக்ரோவுக்கு 'ஐநோடிஃபை_இனிட்1' என்ற ஃபங்ஷன் பெயரையும் 'ஐநோடிஃபை' என்ற லைப்ரரி பெயரையும் கொடுங்கள். மேக்ரோ பெயர் பெரிய எழுத்தில். அது முதலில் எந்த லைப்ரரியும் இல்லாமல் தேடும். லினக்ஸிலும் 15லும் அங்கேயே கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் லைப்ரரியைச் சேர்த்துத் தேடும். 14இல் அப்போது கிடைக்கும். இயங்குதளத்தின் பெயர் எங்கேயும் வரவில்லை. சீமேக் என்றால் 'செக்_ஃபங்ஷன்_எக்ஸிஸ்ட்ஸ்'. வெறும் மேக்ஃபைல் மட்டும் உள்ள சிறிய நிரல் என்றால் ஹெடர்களுக்கு '__ஹேஸ்_இன்க்ளூட்' இருக்கிறது. கிளாங், ஜிசிசி இரண்டுக்கும் தெரியும். கான்ஃபிகர்.ஏசியைத் தொட்ட பிறகு 'ஆட்டோரீகான்ஃப் -எஃப்ஐ' ஓட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பழைய கான்ஃபிகரே ஓடிக்கொண்டிருக்கும்.

லிப்ஐநோடிஃபையில் ஒரு குறை உண்டு. கேகியூ ஒரு கோப்பைக் கவனிக்க அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். விலைப் பட்டியல் ஃபோல்டரில் பத்துக் கோப்பு இருந்தால் கவலையில்லை. ஆண்டுக் கணக்காகச் சேர்ந்த சீட்டுகள் எல்லாம் அதே ஃபோல்டரில் கிடந்தால் "டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்" என்று நின்றுவிடும். 14இல் ஓட்டுவதானால் பழைய சீட்டுகளை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். கோட் மாற்றத்தைவிட இது மேல்.

பதிப்புக்குப் பதிப்பு மாறியதற்கு இன்னொரு சாட்சி 'க்யூசார்ட்_ஆர்'. ஃப்ரீபிஎஸ்டி 13 வரைக்கும் அதன் ஆர்க்யுமென்ட் வரிசை ஜிலிப்சியிலிருந்து வேறு. 14இல் ஜிலிப்சி மாதிரியே மாற்றிவிட்டார்கள். வரிசை தவறினால் பழைய கிளாங் வார்னிங் மட்டும் காட்டிவிட்டு கம்பைல் செய்துவிடும், ஓடும்போது செக்மென்டேஷன் ஃபால்ட். சிறிய நிரலில் இதற்குச் சோதனை எழுதுவதைவிட சாதாரண 'க்யூசார்ட்' பயன்படுத்தி, தேவைப்படும் தகவலை ஸ்டாட்டிக் மாறியில் வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

'/ப்ராக்' பற்றிச் சுருக்கமாக: ஃப்ரீபிஎஸ்டியில் அது இயல்பாக மவுண்ட் ஆவதில்லை, நாமே மவுண்ட் செய்தாலும் உள்ளடக்கம் லினக்ஸ் மாதிரி இராது. நிரல் சிபியு எண்ணிக்கைக்காக '/ப்ராக்/சிபியுஇன்ஃபோ' படிக்கிறதென்றால் 'சிஸ்கான்ஃப்' ஃபங்ஷனில் '_எஸ்சி_என்ப்ராசஸர்ஸ்_ஆன்லன்' கேளுங்கள், இரண்டிலும் கிடைக்கும். தன் சொந்தப் பாதையை அறிய '/ப்ராக்/செல்ஃப்/எக்ஸி' படிக்கிறதென்றால் ஃப்ரீபிஎஸ்டியில் 'சிஸ்சிடிஎல்' ஃபங்ஷனில் 'கேர்ன்_ப்ராக்_பாத்நேம்' கேட்க வேண்டும். இதற்கு மட்டும் பொதுவான வழி இல்லை. அந்தப் பெயர் வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று '#இஃப்டெஃப்' போடுங்கள், அதுவும் வசதியைக் கேட்பதுதான்.

ஐகான்வ்: நம்மவர்களுக்கு வரும் சிக்கல்

பழைய தமிழ்த் தரவை யூடிஎஃப்-8க்கு மாற்றும் நிரல்களில், எழுத்துக் குறியாக்கத்தை மாற்றித்தரும் ஐகான்வ் இருக்கும். ஃப்ரீபிஎஸ்டியின் சி லைப்ரரியிலேயே ஐகான்வ் உண்டு. பேக்கேஜாக க்னூ லிப்ஐகான்வும் வேறு காரணத்துக்காக ஏறியிருக்கும். நாம் '/யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்' பாதையைக் கொடுத்ததால் கம்பைலர் க்னூ ஹெடரை எடுத்துக்கொள்ளும். அந்த ஹெடர் 'ஐகான்வ்_ஓபன்' என்பதை 'லிப்ஐகான்வ்_ஓபன்' என்று பெயர் மாற்றிவிடும். லிங்க் செய்யும்போது அந்தப் பெயர் சி லைப்ரரியில் இல்லை, எனவே "அன்டிஃபைண்ட் சிம்பல்: லிப்ஐகான்வ்_ஓபன்". லிங்க் வரியில் '-எல்ஐகான்வ்' சேர்த்தால் தீர்ந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, ஹெடரும் லைப்ரரியும் ஒரே வீட்டிலிருந்து வருகிறதா என்று பார்ப்பதுதான் விஷயம்.

ஜிலிப்சியின் ஐகான்வுக்கு டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கம் தெரியும். அதை நம்பி எழுதிய நிரலை இங்கே கொண்டுவருமுன் 'ஐகான்வ் -எல்' கொடுத்து, வரும் பட்டியலில் டிஸ்கி இருக்கிறதா பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தரவை லினக்ஸ் கணினியிலேயே ஒருமுறை மாற்றிக் கொண்டுவந்துவிடலாம்.

தராசும் பிரிண்டரும்

லினக்ஸில் யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் '/டெவ்/டிடிஒய்யூஎஸ்பி0'. ஃப்ரீபிஎஸ்டியில் அதே கன்வெர்ட்டருக்கு இரண்டு பெயர்: 'டிடிஒய்யூ0', 'சியூஏயூ0'. எண்ணுக்கு முன்னால் வரும் யூ இரண்டிலும் பெரிய எழுத்து. பெயர் ஒத்துப்போவதைப் பார்த்து டிடிஒய்யைத் தேர்ந்தால் நிரல் 'ஓபன்' வரியிலேயே உறைந்துவிடும். காரணம், டிடிஒய் உள்வரும் அழைப்புக்கானது. மறுமுனையிலிருந்து கேரியர் சிக்னல் வரும்வரை காத்திருக்கும். தராசின் மூன்று கம்பி கேபிளில் அந்த சிக்னலே கிடையாது. எரர் எதுவும் வராது. விடிகாலை ஏலம் சூடுபிடிக்கும் நேரத்தில் கணக்குப்பிள்ளை "அண்ணே, எடை வரமாட்டேங்குது" என்பார், அவ்வளவுதான். சியூஏயூ0 பயன்படுத்துங்கள். அதைவிட, டிவைஸ் பெயரை கோடிலிருந்து எடுத்து அமைப்புக் கோப்புக்குக் கொண்டுபோகும்படி பேட்ச் எழுதுங்கள். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் 0 என்பது 1 ஆக மாறிவிடவும் கூடும்.

டிரைவர் பெரும்பாலும் தானே ஏறிவிடும். ஏறாவிட்டால் கன்வெர்ட்டரின் சிப்பைப் பார்த்து 'கேஎல்டிலோட்' செய்யுங்கள்: சிஎச்340 என்றால் 'யூசிஎச்காம்', ப்ரோலிஃபிக் என்றால் 'யூப்பிஎல்காம்', எஃப்டிடிஐ என்றால் 'யூஎஃப்டிடிஐ'. "பெர்மிஷன் டினைட்" வந்தால் பயனரை 'டயலர்' குழுவில் சேருங்கள். லினக்ஸில் அது 'டயல்அவுட்'.

கோடில் 'டிசிகெட்எஸ்' என்ற 'ஐஆக்டில்' அழைப்பு இருந்தால் அது லினக்ஸுக்கே உரியது. 'டிசிகெட்ஆட்ர்', 'டிசிசெட்ஆட்ர்' என்று மாற்றி, நடுவில் 'சிஎஃப்மேக்ரா' அழைத்து, வேகத்தை 'சிஎஃப்செட்ஐஸ்பீட்', 'சிஎஃப்செட்ஓஸ்பீட்' இரண்டிலும் 'பி9600' என்ற பெயராலேயே கொடுங்கள். வெறும் 9600 என்று எண்ணைக் கொடுத்தால் ஃப்ரீபிஎஸ்டியில் ஓடும், லினக்ஸில் ஜிலிப்சி 2.42க்கு முந்தையதாக இருந்தால் உடையும்; பேட்ச் எழுதுபவர் தன் கணினியில் மட்டும் சோதித்தால் இது கண்ணில் படாது.

சீட்டுப் பிரிண்டர் லினக்ஸில் '/டெவ்/யூஎஸ்பி/எல்பி0', இங்கே '/டெவ்/யூஎல்பிடி0'. திறக்கும் ஒவ்வொரு முறையும் பிரிண்டர் ரீசெட் ஆகி, எழுத்தளவு அமைப்பு பறிபோனால் 'யூஎன்எல்பிடி0' பயன்படுத்துங்கள். அது ரீசெட் செய்யாது.

பேட்சை எடுப்பதும் ஏற்றுவதும்

ஒரு பிரச்சினைக்கு ஒரு பேட்ச். ஹெடர் திருத்தம், ஐநோடிஃபை சோதனை, சீரியல் திருத்தம் மூன்றையும் தனித்தனி கமிட்டாக வைத்து 'கிட் ஃபார்மேட்-பேட்ச்' கொடுத்தால் மூன்று கோப்பு கிடைக்கும். அடுத்த பதிப்பில் மூல ஆசிரியர் ஹெடரைத் தானே சரிசெய்துவிட்டால் முதல் கோப்பைத் தூக்கிப்போட்டால் போதும். எடிட்டர் தானாகச் செய்யும் இடைவெளித் திருத்தங்களை அணைத்து வையுங்கள். நான்கு வரி மாற்றத்துக்கு நானூறு வரி பேட்ச் வந்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஏற்றும்போது ஃபோல்டருக்குள் நின்று 'பேட்ச் -பி1'. பி1 என்பது பாதையின் முதல் பகுதியை வெட்டு என்கிறது. கிட் எடுக்கும் பேட்சுகளில் முன்னால் ஏ, பி என்று ஒட்டியிருப்பதற்காக. முதலில் ஒத்திகை பாருங்கள்: ஃப்ரீபிஎஸ்டியில் பெரிய சி கொடி, லினக்ஸில் '--ட்ரை-ரன்'. "ஆஃப்செட்" என்று வந்தால் வரி எண் நகர்ந்திருக்கிறது, பரவாயில்லை. "ஃபஸ்" என்று வந்தால் சுற்றியுள்ள வரிகள் முழுதாகப் பொருந்தவில்லை. ஏறினாலும் சரியான இடத்தில்தான் ஏறியதா என்று கண்ணால் பாருங்கள். "ஃபெயில்ட்" என்றால் '.ரெஜ்' கோப்பில் மிச்சம் இருக்கும், கையால் சேர்க்க வேண்டும்.

பேட்சை வாட்ஸ்அப் செய்தியாக ஒட்டி அனுப்பாதீர்கள். டேப் எழுத்துகள் இடைவெளியாகிவிடும், "மால்ஃபார்ம்ட் பேட்ச்" என்று திட்டு விழும். டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள். விண்டோஸ் கணினி வழியாக வந்த பேட்சில் வரி முடிவுகள் மாறியிருந்தாலும் ஏறாமல் போகலாம்.

மூலநிரலிலிருந்து பேக்கேஜ் கட்டும் ஃப்ரீபிஎஸ்டியின் போர்ட்ஸ் தொகுப்பு வழியாகச் செய்பவர்களுக்கு: 'மேக் எக்ஸ்ட்ராக்ட்' செய்து, ஒர்க் ஃபோல்டருக்குள் திருத்தப் போகும் கோப்பை '.ஒரிஜ்' விகுதியோடு நகலெடுத்து, அசலைத் திருத்தி, 'மேக் மேக்பேட்ச்' கொடுங்கள். ஃபைல்ஸ் ஃபோல்டரில் 'பேட்ச்-' என்று தொடங்கும் கோப்புகளை அதுவே உருவாக்கும். போர்ட்ஸ் எதிர்பார்ப்பது பி0. கிட்டிலிருந்து நேராகக் கொண்டுவருவதானால் 'கிட் டிஃப் --நோ-ப்ரிஃபிக்ஸ்' கொடுத்து எடுங்கள்.

கம்பைல் ஆன பிறகு

நிரல் சத்தமில்லாமல் நின்றால் 'ட்ரஸ்' மூலம் ஓட்டுங்கள். லினக்ஸின் 'எஸ்ட்ரேஸ்' செய்யும் வேலைதான். கடைசியாக எந்த சிஸ்டம் கால் போனது என்று தெரிந்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும். '/எட்ஸி' கீழே அமைப்புக் கோப்பைத் தேடித் தோற்பதை இதில் அடிக்கடி பார்க்கலாம். இங்கே அது '/யூஎஸ்ஆர்/லோக்கல்/எட்ஸி'. சிஸ்டம்டி கிடையாது என்பதால் சர்வீஸ் கோப்புக்குப் பதில் '/யூஎஸ்ஆர்/லோக்கல்/எட்ஸி/ஆர்சி.டி' கீழே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, 'டீமன்' கட்டளைக்கு '-ஆர்' கொடுத்து நிரலை ஓட்டுங்கள். விழுந்தால் தானே எழுப்பிவிடும்.

திருத்திய மூலநிரலை மறுபடி லினக்ஸிலும் கம்பைல் செய்து, தராசை இணைத்து ஒரு கிலோ படிக்கல்லை வைத்துப் பாருங்கள். சோதனையை மார்க்கெட் ஓய்ந்த மதியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே எடை வந்தால் பேட்சுகளை மூல ஆசிரியருக்கு அனுப்பலாம். எந்தப் பதிப்புகளில், எந்தக் கம்பைலரில் சோதித்தது என்று ஒவ்வொரு கமிட்டின் குறிப்பிலும் எழுதிவிடுங்கள். அவரிடம் ஃப்ரீபிஎஸ்டி கணினி இருக்காது.